பூசை இல்லாத கோயில்கள்

கோலா சிலாங்கூர்
20 ஏப்ரல் 2025

மகள் அனுஜாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே உண்டு உடுத்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறதென்று முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

உன் முதல் கடிதம் வந்தது. ஒரு வருடத்துக்குத் தொலைபேசி இல்லை, கடிதம் மட்டும்தான், உயிர்போகிற அவசரம் என்றால் மடத்து அலுவலகத்துக்கு அழைக்கலாம் என்று எழுதியிருந்தாய். எழுதுவது எனக்குப் பெரிய காரியமா? ஆயுள் முழுக்கத் தோட்டத்து ஆபீசில் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணியாக இருந்தவன். பார்மசி படித்துக் கிள்ளானில் நல்ல வேலையில் இருந்த ஒரே பிள்ளை, ஜனவரியில் தலையை மழித்து வெள்ளை உடுத்திக்கொண்டு தாய்லாந்துக் காட்டில் புத்த மடத்தில் போய் இருக்கிறாள் என்பதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்குவதுதான் பெரிய காரியம். சிவானந்தம் மாமா கேட்டார், "ஏன் குமாரசிங்கம், எங்கட சைவத்தில இல்லாத என்னத்தை அங்க கண்டவள்?" என்று. "சைவத்தில நாங்கள் இருக்கிறம். அதுதான் பிடிக்கேல்லைப் போல," என்றேன். மனிதர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

உன் அம்மா பூரணம் என்னைப் போல வாயால் ஆற்றிக்கொள்கிறவள் இல்லை. நீ போன அன்று வாசல் கேற்றடியில் நின்றவள், நீ மூலை திரும்பி வெகுநேரமாகியும் நின்றாள். நீ திரும்பிப் பார்க்கவேயில்லை. அதைப்பற்றி இன்றுவரை ஒரு சொல் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

வயிறு ஊதலாக இருக்கிறதென்று அவள் ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு திரிகிறாள். பக்கத்து வீட்டுத் தனேஸ்வரி வருடா வருடம் பஸ் பிடித்து ஆட்களை எங்கேயாவது கூட்டிப்போவாளே, இந்த முறை ஆகஸ்டில் வடக்கே கெடா மாநிலத்துக்கு, லெம்பா பூஜாங் பார்க்க. பழைய புத்த மடங்கள், பழைய சிவன் கோயில்கள், கூட ஒரு வழிகாட்டி, ஒரே நாளில் போய் வருவது. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தது உன் அம்மா. "அங்க வெறும் கல்லுத்தானே கிடக்கு, பூரணம்?" என்றேன். "என்ர பிள்ளை இருக்கிற இடம் எப்பிடி இருக்குமெண்டு நான் பாக்க வேண்டாமோ? தாய்லாந்துக்கு என்னால ஏலாது. கெடாவுக்கு ஏலும். கல்லெண்டாலும் மடம்தானே," என்கிறாள். என் பெயரையும் கொடுத்துவிட்டேன்.

கோபம் குறையாத, அக்கறையும் குறையாத,
அப்பா

பிள்ளை, மொட்டைத் தலையில பனி பட விடாதை. துணி போடு. வடிவாச் சாப்பிடு. – அம்மா

•

வட தாய்லாந்து
4 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலமாக இருக்கிறேன். சளி பிடித்தது, விட்டுவிட்டது. உங்கள் இருவரின் சுகமும் நீடிக்கட்டும் என்று தினமும் காலையில் நினைத்துக்கொள்கிறேன். இங்கே அதைச் செய்யச் சொல்லியே கற்றுத்தருகிறார்கள்.

மணி அடித்ததும் எழும்புகிறோம். உட்காருகிறோம். பிறகு இலை கூட்டுகிறோம். இந்தக் காட்டில் இருக்கிற இலை அத்தனையும் நான் கூட்டுகிற பாதையில்தான் விழுகிறது. ஒரு நேரச் சாப்பாடுதான், ஆனால் நிறையக் கொடுக்கிறார்கள், அம்மா பயப்பட வேண்டாம்.

அப்பா, நான் திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் நீங்கள் நினைக்கிறது இல்லை. பார்த்திருந்தால் போயிருக்கமாட்டேன். அவ்வளவுதான்.

அம்மா, ஓமத்தண்ணீரில் காலம் கடத்தாதீர்கள். இத்தனை நாள் நீடிக்கிற ஊதல் ஊதல் இல்லை. மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவள் சொல்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுங்கள். கெடா வரைக்கும் போய்க் கல்லைப் பார்க்கிறவர்கள், இன்னும் கொஞ்சம் வடக்கே வந்தால் பிள்ளையையே பார்க்கலாம் என்று எழுத நினைத்தேன், எழுதியும்விட்டேன். ஆனால் "கல்லென்றாலும் மடம்தானே" என்று நீங்கள் சொன்னதை என் ஆசிரியைக்குச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். இந்த அம்மா அல்லவா இங்கே வந்திருக்க வேண்டும் என்றார்.

அன்போடு,
அனுஜா

•

கோலா சிலாங்கூர்
1 ஜூன் 2025

மகள் அனுஜாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. உன் சளி விட்டதில் எங்களுக்கு நிம்மதி.

நீ சொன்னபடி ஸ்கேன் எடுத்தோம். கணையத்தில் ஒரு கட்டி என்கிறார்கள். பெரிதில்லை, ஆனால் இருக்கிற இடம் சரியில்லை என்று டாக்டர் பிள்ளை படம் போட்டுக் காட்டினாள். உன் வயதுதான் இருக்கும் அவளுக்கு. வெட்டி எடுக்கலாமா என்பதை இன்னும் பார்க்க வேண்டுமாம். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "ஆகஸ்டில ஒரு பயணம் இருக்கு, அதுக்கு இடைஞ்சல் இல்லாமப் பாருங்கோ," என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். மீன் மணம் ஒத்துக்கொள்வதில்லை என்பதால் நான் மீன் வாங்கப் பாசிர் பெனாம்பாங் பக்கம் போவதை விட்டுவிட்டேன். கஞ்சி இறங்குகிறது. தனேஸ்வரி தினமும் வந்து தலை வாரிவிடுகிறாள்.

நீ பதறாதே. பதறி ஆவதொன்றுமில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

உன்,
அப்பா

நான் நல்லா இருக்கிறன். அப்பாதான் சரியாச் சாப்பிடுறேல்லை. மடத்தில அடுப்படி எங்க இருக்கு, யார் சமைக்கிறது எண்டு நீ எழுதேல்லை. – அம்மா

•

வட தாய்லாந்து
15 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதைப்பற்றி இனிக் கேட்க வேண்டாம். அம்மாவைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

கணையம் என்று படித்தேன். அந்த இடத்துக் கட்டி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அப்பா, தயவுசெய்து என்னிடம் "பெரிதில்லை" என்று எழுதாதீர்கள்.

ஒன்று சொல்கிறேன், கவனமாக வாசியுங்கள். ஜூலை பௌர்ணமி கழிந்ததும் எங்கள் மழைக்கால விரதம் தொடங்கும். அக்டோபர் வரை ஒருவரும் மடத்தை விட்டு வெளியே தங்கக்கூடாது. ஆனால் தாய் தகப்பன் நோயாக இருந்தால் மட்டும் போகலாம். போய் வர ஏழு நாள். அது புத்தர் காலத்து விதி. ஆசிரியையிடம் கேட்டுவிட்டேன். "கூப்பிட்டால் போ, கூப்பிடாமல் மனதை அலையவிடாதே," என்றார்.

அதனால் "வா" என்று ஒரே ஒரு சொல் எழுதுங்கள். அல்லது அலுவலகத்துக்குப் போன் எடுங்கள். அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

அம்மா, அடுப்படி பின்பக்கம், ஓடைக்குப் பக்கத்தில். ஊரார் வந்து சமைக்கிறார்கள். நான் பூண்டு உரிக்கிறேன்.

அனுஜா

•

கோலா சிலாங்கூர்
12 ஜூலை 2025

மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் வந்து சில நாளாகிவிட்டது. பதில் சுணங்கியதற்குக் குறை நினைக்காதே. ஆஸ்பத்திரியும் வீடுமாகப் பொழுது போகிறது.

கடிதத்தை அம்மாவுக்கு இரண்டுமுறை வாசித்துக் காட்டினேன். நீ பூண்டு உரிக்கிற இடத்தில் சிரித்தாள். வீட்டில் ஒரு நாளாவது உரித்திருப்பாயா என்று கேட்கச் சொன்னாள். வெட்டி எடுக்கிற பேச்சு இப்போது இல்லை. வலிக்கு மருந்து தருகிறார்கள். மத்தியானத்தில் நன்றாக நித்திரை கொள்கிறாள். புக்கிட் மெலாவத்திக் குன்றுக் குரங்கொன்று மதிலேறி வந்து நம் பப்பாளியைத் தின்றுவிட்டுப் போனது. அதைப் பார்க்கவென்று எழுந்து உட்கார்ந்தாள்.

பயணத்துக்கு என்ன உடுப்பது என்று தனேஸ்வரியோடு ஆலோசனை நடக்கிறது.

தீபாவளி அக்டோபரில்தானே வருகிறது. உன் விரதமும் அதற்குள் முடிந்துவிடும் என்று அம்மா கணக்குப் பார்த்து வைத்திருக்கிறாள். உனக்கு மழை அதிகமா? கொசுவலை கட்டு.

அப்பா

தீபாவளிக்கு வா. இப்ப வேண்டாம். – அம்மா

•

வட தாய்லாந்து
26 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

மழை அதிகம். கொசுவலை இருக்கிறது. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

அப்பா, குரங்கைப் பற்றி எழுதினீர்கள், பப்பாளியைப் பற்றி எழுதினீர்கள். "வா" என்றும் எழுதவில்லை, "வரவேண்டாம்" என்றும் எழுதவில்லை. அம்மா எழுதிய வரியில் எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருக்கிறது. முன்பெல்லாம் அவர் கோடு போடாத தாளிலும் நேராக எழுதுவார்.

நான் கிளம்பி வந்துவிடலாம். ஆனால் அம்மா "இப்ப வேண்டாம்" என்று தன் கையால் எழுதியிருக்கிறார். நான் இங்கே வந்ததே அவர் சொல்லை மீறித்தான். இரண்டாம் முறையும் மீற எனக்குத் துணிவு வரவில்லை. நீங்கள் ஒரு சொல் சொன்னால் அந்தத் துணிவு வரும். அதற்காகத்தான் கேட்கிறேன், பிடிவாதத்துக்கு இல்லை.

அம்மா, இன்றைக்கு உங்களை நினைத்துக்கொண்டு பாதை முழுவதும் கூட்டினேன். முடித்துத் திரும்பிப் பார்த்தால் மறுபடி இலை. உங்களுக்கு அது பிடித்திருக்கும். வலி எப்படி இருக்கிறது? நீங்களே எழுதுங்கள். இரண்டு சொல் போதும்.

அனுஜா

•

கோலா சிலாங்கூர்
20 ஆகஸ்ட் 2025

மகள் அனுஜாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் இருக்கிறேன். அம்மாவுக்கு இப்போது வலி இல்லை. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பயணம் போய் வந்தேன். அம்மா வரமுடியவில்லை. ஆனால் நான் போய்ப் பார்த்துப் பிள்ளைக்கு எல்லாம் எழுத வேண்டும் என்பது அவளுடைய கட்டளை. ஆகவே ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

விடியுமுன் பஸ் வந்துவிட்டது. சுங்கை ஆயர் தாவாரில் பாதிப்பேர் ஏறினார்கள். என் பக்கத்து இருக்கையில் உட்கார வந்த ஓர் அம்மாளை, அது காசு கட்டின இடம் என்று சொல்லி எழுப்பிவிட்டேன். தனேஸ்வரி முறைத்தாள். முறைக்கட்டும். அம்மாவின் சால்வையை அந்த இருக்கையில் போட்டுவைத்தேன்.

வழிகாட்டி ஷர்வின் என்றொரு பையன். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பட்டம் படித்து, லைசென்ஸ் எடுத்து இந்த வேலைக்கு வந்தவன். வாயும் கையும் சேர்ந்தே பேசும். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரையாக விசாரித்து வந்தவன், என் முகத்து வெள்ளைத் தாடியைப் பார்த்துவிட்டு, "ஐயா எந்தச் சாமிக்கு மாலை போட்டிருக்கீங்க?" என்றான். பஸ் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. "வீட்டுச் சாமிக்கு," என்றேன். "சூப்பர் லா ஐயா!" என்று கைதட்டச் சொன்னான். எல்லாரும் தட்டினார்கள். தனேஸ்வரி மட்டும் தட்டவில்லை.

மெர்போக் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. மலையடிவாரத்தில் ஓடைக்குப் பக்கத்திலே அந்தச் சிவன் கோயில் இருக்கிறது. கோயில் என்றால் கல்லால் ஆன தளம். சுவருமில்லை, கூரையுமில்லை. மண்டபத்தில் தூண் நின்ற கல் வரிசையாகக் கிடக்கிறது, நடுவில் குழியோடு. மரத்தூண் மக்கிப்போய்விட்டதாம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழேயே நின்றேன். ஷர்வின் ஓடிவந்து, "செருப்போடயே ஏறுங்க ஐயா, இங்க சாமி இல்ல. பூசை நின்னு பல நூறு வருசம் ஆச்சு," என்றான். "பூசை இல்லை, நிச்சயமா?" என்று கேட்டேன். "கன்ஃபர்ம் லா ஐயா." "அப்ப சரி," என்று ஏறினேன். செருப்பு மட்டும் போடவில்லை.

பிறகு செங்கல்லால் கட்டிய இன்னொன்று. பக்கத்து வயலிலிருந்து கல் கல்லாகப் பெயர்த்து வந்து இங்கே கட்டினார்களாம். "இது புத்த மடமா, கோயிலான்னு படிச்சவங்க இன்னமும் சண்டை போட்டுக்கிறாங்க," என்றான். எனக்கு அது பிடித்திருந்தது. நம் வீட்டிலும் அந்தச் சண்டைதானே நடந்தது. நான் உள்ளே போய் நடுவில் நின்றேன். அம்மா நிற்கச் சொன்னாள், அவளுக்காக நின்றேன். நாலு பேர் படுத்தால் நிறைந்துவிடும். அம்மா கேட்கச் சொன்ன கேள்வியையும் கேட்டேன்: "தம்பி, இதில அடுப்படி எங்க?" அந்தப் பிள்ளை தளத்தைச் சுற்றிப் பார்த்தான். "இத்தன வருசத்துல இத யாருமே கேக்கல ஐயா. தெரியல," என்றான். மடம் கட்டினவனுக்கு ஒரு தாய் இருந்திருந்தால் அடுப்படிக்கும் ஓர் அடையாளம் வைத்துவிட்டுப் போயிருப்பான்.

மத்தியானம் ஒரு சயாமியர் மடத்துக்குக் கூட்டிப்போனார்கள். அது இப்போதும் நடக்கிற மடம். எல்லாரும் உள்ளே போய்ப் புத்தரைப் பார்த்தார்கள். நான் வாசலோடு நின்றுவிட்டேன். மொட்டைத் தலையோடு வெள்ளை உடுத்த ஒருத்தி இலை கூட்டிக்கொண்டிருந்தாள். உன்னைவிட வயது கூடத்தான். நான் வெயிலில் நிற்பதைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். குவளையைத் திருப்பிக் கொடுத்தேன், அனுஜா. தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்துவிடலாம் போல இருந்தது. அவர்களை ஆண்கள் தொடக்கூடாதாமே.

திரும்பும் வழியில் ஒரு மாரியம்மன் கோயிலில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சாயங்கால பூசை. எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, பஸ்ஸிலேயே இருந்துவிட்டேன். மணிச்சத்தம் கேட்டது.

இவ்வளவுதான். சொன்னபடி எழுதிவிட்டேன்.

உன்,
அப்பா

•

வட தாய்லாந்து
29 ஆகஸ்ட் 2025

அப்பாவுக்கு,

அம்மா எப்போது செத்தார்?

ஆறு வயதிலிருந்து உங்களுடைய கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனவள் நான். காய்ச்சலிலும் பூசையை விடமாட்டீர்கள். முழங்கால் வலி என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதேயில்லை. பூசை நின்றுபோன கோயிலில், நிச்சயமா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு ஏறினீர்கள். பூசை நடக்கிற மடத்தில் வாசலோடு நின்றீர்கள். பூசை நடக்கிற கோயிலில் பஸ்ஸை விட்டே இறங்கவில்லை. பெரியப்பா செத்தபோதும் இப்படித்தான், சாவுத் துடக்கு முடிய ஒரு மாதம் கோயில் படி மிதிக்கவில்லை, முகம் வழிக்கவில்லை. ஒருநாள் சவரம் தவறினால் ஆபீசுக்கே போகாத மனிதருக்கு இப்போது தாடி. வீட்டுச் சாமிக்கு மாலை என்று சொல்லிவிட்டு அதை எனக்கே எழுதுகிறீர்கள்.

அம்மாவின் வரி இல்லை. "வலி இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பொய் எழுதாமல் எவ்வளவு சாமர்த்தியமாக எழுதியிருக்கிறீர்கள்! கிராணி வேலை வீண்போகவில்லை.

அலுவலகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எடுக்கவில்லை. நீங்கள் எழுதாமல் விட்டதை எழுதித்தான் ஆகவேண்டும். எனக்கு ஏழு நாள் இருந்தது, அப்பா. ஒரு சொல் கேட்டேன். என் அம்மாவை எனக்குக் காட்டாமல் எரித்துவிட்டீர்கள். ஏன்?

அனுஜா

•

கோலா சிலாங்கூர்
6 செப்டம்பர் 2025

என் பிள்ளைக்கு,

அம்மா ஜூலை இருபத்துநாலாம் தேதி போய்விட்டாள். வியாழக்கிழமை காலை. வீட்டில்தான், என் கட்டிலில். கஞ்சியை வேண்டாமென்று தள்ளிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். கொண்டுவருமுன் முடிந்துவிட்டது. கொள்ளி நானே வைத்தேன். சாம்பலை ஆறு கடலோடு சேர்கிற இடத்தில் கரைத்தேன். பயணம் போய் வந்த வாரத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் காரியம் முடிந்தது.

நீ கேட்டதற்குப் பதில். உன் ஏழு நாள் கடிதத்தை வாசித்த அன்றே உன்னைக் கூப்பிடுவதாக இருந்தேன். தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டேன். அம்மா பிடித்துக்கொண்டாள். "வேண்டாம். ஏழு நாளுக்கு வாறவள் எட்டாம் நாள் போவாள். இன்னொருக்கா அவள் போறதைக் கேற்றடியில நிண்டு பாக்க என்னால ஏலாது. நான் போறதை அவள் பாக்க வேண்டாம், அவள் போறதை நான் பாக்க வேண்டாம். கணக்குச் சரி," என்றாள். நோயாளியோடு வாதாடலாமா? வாதாடியிருக்க வேண்டும். எனக்கு உன்மேல் கோபமும் இருந்தது. தானாக வரட்டுமே, ஒரு சொல்லுக்கு ஏன் காத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதை உன் அம்மாவின் தலையில் கட்டமாட்டேன். அது என்னுடையது.

அவள் போனபிறகும் சொல்லாததற்கு அவள் காரணமில்லை. அன்றைக்கே போன் எடுத்திருக்கலாம். எடுக்கலாம் எடுக்கலாம் என்று இருக்கையில் உன் கடிதம் வந்தது. எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்து வீட்டில் ஒருவருமில்லை. "அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்" என்று எழுதியிருந்தாய். வலி எப்படி, இரண்டு சொல் எழுதுங்கள் என்று அவளிடமே கேட்டிருந்தாய். பிள்ளை, இந்த ஊரில் எல்லாரும் அவளைப் பற்றி என்னிடம்தான் பேசினார்கள், இருந்தாள், செய்தாள், நல்ல மனுசி என்று. அவளோடு பேசியது நீ ஒருத்திதான். உனக்குச் சொல்லிவிட்டால் அதுவும் நின்றுவிடும். அந்தக் கடிதத்தை அவளுடைய தலையணையில் வைத்து வாசித்தேன். பைத்தியக்காரத்தனம்தான்.

துடக்கு வீட்டுக்காரன் பஸ் ஏறியதற்குச் சிவானந்தம் மாமா இன்னமும் பேசுவதில்லை. தனேஸ்வரிகூட, "காரியம் முடியலயே ஐயா, கோயிலுக்குப் போற பஸ்ஸு, எப்பிடிங்க வருவீங்க?" என்று கேட்டாள். பூசை இல்லாத கோயிலுக்குத் துடக்கு இல்லை என்றேன். பூரணம் போகச் சொன்னதை நான் விடமுடியாது. அவள் கடைசியாக என்னிடம் கேட்ட காரியம் அது ஒன்றுதான்.

உனக்கு எழுதும்போது ஒன்றை மறைத்து எழுதுவதாக நினைத்துக்கொண்டேன். நீ எல்லாவற்றையும் வாசித்துவிட்டாய். ஒருவிதத்தில் ஆறுதலாக இருக்கிறது. என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் விடாதே.

அப்பா

•

வட தாய்லாந்து
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இப்படித் தனியாக உங்களுக்கு மட்டும் எழுதத் தொடங்க வெகுநேரம் பிடித்தது.

திட்டி எழுதின தாள்களைக் கிழித்துப் போட்டேன். கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இருக்கிறது. அழுகை அதைவிட அதிகமாக இருக்கிறது. இலை கூட்டும்போது அழுகிறேன். இங்கே யாரும் ஏனென்று கேட்பதில்லை, விளக்குமாற்றையும் வாங்குவதில்லை.

ஆசிரியையிடம் போய் ஏழு நாள் விடுப்புக் கேட்டேன். "அது நோயாளிக்கான விதி. உன் தாய்தான் போய்விட்டாரே, இப்போது யாருக்கு நோய்?" என்றார். "அப்பாவுக்கு," என்றேன். என்ன நோய் என்று கேட்டார். உங்கள் கடிதத்தை எடுத்து வரி வரியாக அவருக்குத் தாய்லாந்து மொழியில் சொன்னேன். தலையணையில் வைத்து வாசித்த இடம் வந்ததும், போதும், போ என்றார்.

வருகிற இருபத்துநாலாம் தேதி, புதன்கிழமை வருகிறேன். பயணத்தோடு சேர்த்து ஏழு நாள்தான். அதற்குமேல் இருக்கமாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். சிவானந்தம் மாமாவைக் கூட்டிவந்து எனக்குப் புத்தி சொல்ல வைக்க வேண்டாம். என் தலையில் கை வைக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆனாலும் நீங்கள் சமைக்கிற கஞ்சியை நான் சாப்பிடலாம், மத்தியானத்துக்குள். ஆற்று முகத்துக்கு என்னைக் கூட்டிப்போக வேண்டும். அம்மாவின் சால்வை எனக்கு வேண்டும், வெள்ளையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னும் ஒன்று, அதுதான் முக்கியம். நான் திரும்பிப் போகிற அன்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அம்மா பார்க்க ஏலாது என்றதை நீங்கள் பார்க்க வேண்டும், அப்பா. கேற்றடியில், அவர் நின்ற இடத்தில் வந்து நில்லுங்கள். நான் மூலை திரும்பும்வரை நில்லுங்கள்.

இந்த முறை நான் திரும்பிப் பார்ப்பேன்.

உங்கள் மகள்,
அனுஜா